மீன் பத்தியம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குக் காலை பத்து மணியைத் தாண்டுவதுதான் கஷ்டம். அதுவரைக்கும் பேப்பர் இருக்கிறது, சாயா இருக்கிறது, மீன் வாங்கப் போகிற சாக்கு இருக்கிறது. பத்துக்கு மேல் மனிதன் வாயை வைத்துத்தான் பொழுதை ஓட்டவேண்டும்.

போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள் டாக்டர், அங்கே வைத்தால் கடல் சத்தம்தான் பதிவாகும். நீங்கள் மெடிக்கல் காலேஜிலிருந்து வந்து மூன்று நாளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறீர்கள். குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில் எத்தனையோ கடற்கரை ஊர் இருக்க, இந்த ஓர் ஊர் மட்டும் கொரோனா ஊசிக்கு ஏன் அவ்வளவு பிந்தி வந்தது என்று ஆராய்ச்சி. ஒருத்தி பயம் என்றாளாம். ஒருத்தன் வாட்ஸ்அப் என்றானாம். பங்குச்சாமியார் விசுவாசக் குறைவு என்றாராம். எல்லாம் தப்பு. காரணம் நான்தான். பெயர் ஆன்ட்ரூஸ், ரிட்டயர்ட் ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஊருக்குள் ஊசி சாரு என்று கேட்டால் கைக்குழந்தையும் வீட்டைக் காட்டும்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம். சாயா ஆறுகிறது, குடியுங்கள்.

முப்பது வருசத்துக்கு மேல் இந்தக் கடற்கரையில் ஊசி போட்டிருக்கிறேன். என்னைக் கடிக்காத நாய் ஒன்று இங்கே இருந்தால், அது நான் போன அன்று வெளியூர் போயிருந்த நாய். சொட்டு மருந்துப் பெட்டியோடு நான் வருவதைக் கண்டால் தாய்மார் பிள்ளைகளைக் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குள் ஒளித்துவிடுவார்கள். ஒருமுறை நானும் ஒரு கம்பவுண்டரும் ஒரு வள்ளத்தைப் புரட்டினோம். உள்ளே ஒரு பள்ளிக்கூடமே இருந்தது, கூட இரண்டு ஆடு. பிள்ளைகள் திசைக்கொன்றாய் ஓடிவிட்டன. ஆடுகள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. இந்த ஊரில் என்னோடு ஒத்துழைத்தவை அந்த இரண்டும்தான். அம்மை ஊசி போட்டால் பிள்ளைக்கு நீச்சல் மறந்துபோகும் என்று சொன்ன ஜனம் இது. நான் சொன்னதெல்லாம் உண்மை, அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்த சுத்தமான உண்மை. ஒருத்தரும் நம்பவில்லை. ஓய்வு பெற்ற அன்று பங்குக் கூடத்தில் எனக்கு ஒரு சால்வை போடக்கூட ஆள் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஞானசெல்வி அலமாரியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, "போதும், இது சால்வைன்னு வச்சுக்கிடுங்க" என்றாள்.

ஞானசெல்விக்குச் சர்க்கரை, கூடவே பிரஷர். ஊசி வந்த வருசம் மார்ச் மாதம், வயதானவர்களுக்கு முதலில் என்று அறிவித்ததும், அவளைப் பார்க்கிற டாக்டர் சொன்னார்: "முதல் ஆளாப் போய் நீங்க போட்டிருங்கம்மா. கொரோனாத் தீனம் வந்தா ஒங்கள மாதிரி ஆளத்தான் புரட்டிப் போடும்." அவளும் போடுகிறதாகத்தான் இருந்தாள். நல்ல நாள் பார்த்து, உடுத்திக்கொண்டு போகச் சேலையெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

அது தவக்காலம். கரையில் சிலுவை நட்ட குருசடியின் படியில் ஆண்கள் வலைக்கண்ணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி தாண்டியிருந்ததால் நானும் போய் உட்கார்ந்தேன். இஞ்ஞாசி இருந்தான். சொந்த வள்ளக்காரன், என் வயது. பள்ளியில் என் பெஞ்சில் இருந்தவன், ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து என் படிப்பைக் கேலி பண்ணுவதுதான் அவனுக்கு உபதொழில்.

"ஏலே ஆன்ட்ரூசு, ஒனக்க சர்க்காரு புதுசா ஒரு ஊசி கொண்டு வந்திருக்காம். போட்டா என்னலே செய்யும்?"

"கை நோவும். காய்ச்சல் வரும், மேலு வலிக்கும். ஒண்ணு ரெண்டு நாளு. பிறவு ஒண்ணும் இல்ல."

"வேற?"

"போட்ட ஒடனே வேல செய்யாது. பலம் பிடிக்க ரெண்டு மூணு வாரம் ஆவும். அதுக்குள்ள தீனம் ஒட்டினா ஒட்டினதுதான். ரெண்டாவது ஊசியும் போடணும்."

"வேற?"

அந்த 'வேற'தான் டாக்டர், எல்லாவற்றுக்கும் காரணம். உலகத்தின் பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் ராப்பகலாய் உட்கார்ந்து கண்டுபிடித்த விஷயத்தைச் செலவில்லாமல் கையில் கொடுக்கிறேன். இவர்கள் மிச்சக் காசு எங்கே என்பதுபோல் முகத்தைப் பார்க்கிறார்கள். தென்னம்பிள்ளை நட்ட மறுநாள் இளநீர் கேட்கிற ஜனத்துக்கு இரண்டு மூன்று வாரம் என்றால் என்ன விளங்கும்? எனக்குச் சலித்துப்போயிற்று.

"பத்தியம் உண்டு" என்றேன்.

வலையில் இருந்த கைகள் எல்லாம் நின்றன. நீங்கள் வெளியூர், உங்களுக்கு இது தெரியாது. இது ஆசான்மார் பூமி. எலும்பு முறிந்தால் ஆசான், வர்மம் பட்டால் ஆசான். எண்ணெய் கொடுத்தாலும் கசாயம் கொடுத்தாலும் கூடவே ஒரு பத்தியம் கொடுப்பார்கள். மருந்து எவ்வளவு கடுமை என்று இவர்கள் அளப்பது பத்தியத்தை வைத்துத்தான்.

"என்ன பத்தியம்?" என்றான் இஞ்ஞாசி.

நான் யோசிக்கவேயில்லை. அந்த நேரம் பார்த்து ஒருத்தி நெத்தோலிக் கூடையோடு எங்களைக் கடந்து போனாள்.

"மீன்" என்றேன். "ஒரு மண்டலத்துக்கு."

அலையே ஒரு தடவை வர மறந்ததுபோல் இருந்தது. தவக்காலத்தில் இறைச்சியை விலக்கச் சொல்கிற திருச்சபை மீனில் கை வைத்ததில்லை. இத்தனை நூற்றாண்டாக ரோமாபுரி துணியாத காரியத்தை நான் குருசடிப் படியில் உட்கார்ந்து ஒரே சொல்லில் செய்துவிட்டேன்.

"எறச்சியும் இல்ல, மீனும் இல்லேன்னா சோறு எதக் கூட்டித் திங்க?" என்றான் பக்கத்தில் இருந்த ஜான்ரோஸ். "கருவாடு ஆவுமா?"

"கருவாடு ஆருக்க சவம்? மீனுக்க சவம்தான."

"மீன எடுத்து வச்சிட்டு சாறு மட்டும்?"

"சாறுலதான் வீரியம் மொத்தமும் நிக்கும்."

"அப்ப தொழிலுக்குப் போலாமா?"

"தாராளமாப் போ. மீன தொடாத. வாடையும் பிடிக்காத."

"வலையில கெடக்கத எதக் கொண்டுலே எடுக்க, கண்ணாலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அப்போது சிரித்து, சும்மா சொன்னேன் என்று முடித்திருப்பேன். முடிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இஞ்ஞாசி எழுந்து நின்று வலைத்தூசியைத் தட்டிக்கொண்டு, "சாரே, நல்ல காலம் சொன்னீரு" என்றான். ஐம்பது வருசத்தில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து 'ஏலே' வரவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அது குற்றமென்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் பென்ஷன் காரியம் என்று சொல்லிவிட்டு நாகர்கோவிலுக்குப் போய் என் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். ஆச்சரியப்படாதீர்கள், நான் படித்தவன். திரும்பி வந்து ஞானசெல்வி பொரித்து வைத்திருந்த அயலையில் நான்கு தின்றேன். மாலையில் கை கனத்தது, காய்ச்சல் வந்தது, அச்சடித்த மாதிரி வந்தது. அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தாள். "வெயில்ல சுத்தாதிங்கன்னா கேக்க மாட்டிய, கேட்டியளா" என்று அந்தக் 'கேட்டியளா'வை நூறு தடவை சொன்னாள். ஆமாம், வெயில்தான் என்றேன். ஊசி என்று சொன்னால் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவாள், ஊர் விளையாட்டு அதோடு முடிந்துவிடும். சொல்லாதே என்று சொல்லியிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்தான். ஆனால் பெண்களை அந்த அளவுக்கு நம்ப முடியாது பாருங்கள்.

கதை வளர்ந்த வேகத்தை நீங்கள் ஒரு படமாக வரைய வேண்டும். இரண்டு நாளில் எனக்கே திரும்பி வந்தது, வால் முளைத்து. களியக்காவிளையில் யாரோ ஒருவர் ஊசி போட்ட கையோடு ஒரு துண்டு சூரை தின்று உதடு வீங்கிவிட்டாராம். எனக்கு அந்த வால் போதவில்லை. அவர் பஸ் ஏறுமுன் விழுந்தார் என்றேன். எந்தப் பஸ் என்று கேட்டார்கள். திருவனந்தபுரம் பஸ், முன்படி என்றேன். கதைக்கு ஒரு பஸ் கொடுத்துவிட்டால் போதும், நம் ஜனம் ஓடிவந்து ஏறிக்கொள்ளும். ஞாயிறு பூசை முடிந்து வந்த ஒருத்தி அந்தப் பஸ்ஸில் தானும் இருந்ததாகச் சொன்னாள். நான் அவளை மறுக்கவில்லை. நேரில் பார்த்தவளை மறுக்க நான் யார்?

பிறகு பலசரக்குக் கடை தங்கையன். பயந்து பயந்து ஏப்ரலில் முதல் ஊசி போட்டான். ஒரு வாரம் கழியுமுன் அவனுக்கே கொரோனா வந்தது. ஊசியின் பலம் பிடிக்குமுன் எங்கேயோ ஒட்டியிருக்கிறது. இது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். படுத்து எழும்பிவிட்டான், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர் என் வாசலில் வந்து நின்றது. "சாரே, ஊசி போட்டான், தீனம் வந்துச்சு. போட்ட மறுநாளு சாளை தின்னானாம், அவனுக்க பொண்டாட்டியே சொல்லுகா. நீங்க சொன்னது சரிதான இல்லியா?" நான் ஒரு பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சுக்கு அவர்களே உரை எழுதிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் கடைசியில் பங்குக் கூடத்தில் ஊசி முகாம். கிராம நர்ஸ் லிஜி வந்திருந்தாள். நான் வேலை பழக்கிய பிள்ளை அது, வெளியூரிலிருந்து வந்துபோகிறவள், குருசடிப் பேச்சு அவள் காதுக்கு எட்டாது. நாற்காலி நூறு போட்டிருந்தார்கள், கல்யாண வீடு மாதிரி. சாமியார் மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டார். மத்தியானம் லிஜி நேராக என் வீட்டுக்கு வந்து, குளிர்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"மீன் திங்கலாம், பத்தியமே கெடையாதுன்னு நானே மைக்குல சொன்னேன் சாரே. அதுக்கு ஒரு வயசான பாட்டா எழும்பி, 'பத்தியம் இல்லாத மருந்தா? அப்ப இது வெறும் பச்சவெள்ளம்'னு சொல்லிட்டு எறங்கிப் போறாரு. அவருக்கப் பின்னால எல்லாரும் போயிட்டாவ."

டாக்டர், நீங்கள் படித்த புத்தகத்தில் இது இருக்கிறதா? பத்தியம் உண்டென்றால் மீனை விட முடியாது, அதனால் ஊசி வேண்டாம். பத்தியம் இல்லையென்றால் மருந்தில் சத்தில்லை, அதனாலும் ஊசி வேண்டாம். முன்கதவையும் பின்கதவையும் நான் ஒரே சாவியால் பூட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். முப்பது வருச சர்வீசில் என் வேலை இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் அமைந்ததில்லை. எழும்பி நின்று எனக்கு நானே கைகொடுக்க வேண்டும்போல் இருந்தது.

"ஒங்களுக்கு மட்டும்தான் இப்ப ஊருல மதிப்பு. ஒரு தடவ மைக்குல வந்து சொல்லுங்க சாரே."

"நான் சொன்ன காலத்துல ஆரு கேட்டாவ பிள்ள?"

"இத கெளப்பி விட்டவன் ஆருன்னு தெரியல்ல. அவன் நல்லா இருப்பானா?"

"இருக்க மாட்டான் பிள்ள" என்றேன். அப்போது எனக்கு இரண்டு ஊசியும் முடிந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தேன்.

உள்ளே ஞானசெல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். லிஜிக்குச் சாயா கொண்டுவந்து வைத்து, "அழாத பிள்ள, வருவாவ" என்றாள். லிஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமி, பெட்டியில மருந்து இருக்கு. ஒங்களுக்கு இங்கயே போட்டுட்டுப் போட்டுமா?" என்று கேட்டாள். ஞானசெல்வி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். "பிறவு வாறேன் பிள்ள" என்றாள் அவள்.

மே மாதத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இஞ்ஞாசியை ஆம்புலன்சில் ஏற்றும்போது நான் தெருமுனையில் மாஸ்க்கோடு நின்றேன். மூச்சு வாங்க வாங்கக் கேட்டான்: "சாரே, நான் ஊசியும் போடல்ல, மீனும் விடல்ல. பிறவு எப்பிடி வந்துச்சு?" இந்தக் கேள்விக்கு எந்த மெடிக்கல் காலேஜிலும் பதில் கிடையாது. அவன் திரும்பி வரவில்லை. ஏற்கனவே அவனுக்கு நெஞ்சுக்கோளாறு உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்று உங்களிடம் கணக்கு இருக்கும். நான் எண்ணவில்லை. இத்தனை வருசம் என்னை நம்பாதவர்கள் அந்த ஒரு தடவையும் நம்பாமல் இருந்திருக்கலாமே. நான் யார் கையையாவது பிடித்து வைத்தேனா?

அதற்குப்பிறகு பயத்தில் ஊரே ஊசிக்கு ஓடியது. அங்கேயும் வேடிக்கையைப் பாருங்கள். ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு வந்து, ஒரு மண்டலம் மீனைத் தொடாமல் பருப்பும் பப்படமும் தின்று கிடந்தார்கள். ஜான்ரோஸ் வள்ளத்தை மச்சினனிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தான். இன்றைக்கும் என்னை எங்கே கண்டாலும் மடித்துக்கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, "சாரு சொன்ன பத்தியம்தான் என்ன காப்பாத்திச்சு" என்பான். போன கிறிஸ்மசுக்கு எனக்குப் பங்குக் கூடத்தில் சால்வை போட்டார்கள். சரிகை வைத்தது. இந்தக் கூட்டத்தை நான் எந்தத் தராசில் நிறுக்க?

கேட்கப் போகிறீர்கள், தெரியும். வந்ததிலிருந்து சுவரில் இருக்கிற படத்தையே பார்க்கிறீர்கள். ஆமாம், அது ஞானசெல்விதான். மே மாதக் கடைசி. காய்ச்சல் என்று படுத்தாள், சர்க்கரை ஏறியது, நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னாள். நின்றால் எனக்கும் ஒட்டிவிடும் என்று பயம் அவளுக்கு. இரண்டு ஊசியும் போட்ட எனக்கு அவ்வளவு லேசில் ஒட்டாது என்று அவளுக்குத் தெரியாது. பொதிந்து கொடுத்தார்கள், இளைஞர் இயக்கப் பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டுக் குழியில் இறக்கினார்கள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஊருக்குச் சொன்னது போகட்டும், வீட்டுக்குள் ஏன் சொல்லவில்லை என்றுதானே? நியாயமான கேள்வி. லிஜி அழுதுவிட்டுப் போன அன்றைக்கே அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. பிந்தித்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். மரச்சீனிக் கிழங்கும் சோறும், தேங்காய் அரைத்துப் புளி விட்ட சாளைக் கூட்டானும். அவள் எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளா, அந்தப் பிள்ள நல்ல மனசோடதான் கேட்டுது. போட்டிருப்பேன். போட்டா ஒரு மண்டலம் நான் மீன தொடப்படாதுல்லா. ஒங்களுக்கு ஆரு வெட்டிக் கழுவிக் கூட்டான் வைப்பா? ஒரு நேரம் மீன் இல்லேன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காது."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சட்டியிலிருந்து இரண்டு சாளையை எடுத்து என் தட்டில் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஊருக்கு நீங்க என்னவும் சொல்லியிருப்பிய, ஒங்களுக்க வாய எனக்கு அறியாதா? எனக்கிட்ட மட்டும் சொல்லுங்க. மெய்யாட்டும் தொடப்படாதா?"

முப்பது வருசம் இந்த ஊரில் ஒருத்தரும் என்னை நம்பவில்லை என்று சொன்னேனே, அதில் மாற்றமில்லை. அதோடு இதையும் சரியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் டாக்டர், நாளைக்கு யாரும் திரித்துச் சொல்லக்கூடாது. நான் என் மனைவியிடம் பொய் சொல்லவில்லை. வாய் நிறையச் சோறு இருந்தது. தலையை மட்டும்தான் மேலும் கீழும் ஆட்டினேன்.